கல்லூரி மாணவர்க்கு ஏற்ற மடிக்கணினி எது?

(பொழிச்சலூர் மாணவர் ஒருவர், இளங்கலைப் பொருளியல், மூன்றாம் ஆண்டு)

பொன் வாங்கச் செல்பவர் உரைகல்லை நம்புகிறார். மாடு வாங்கச் செல்பவர் அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறார். புடவை வாங்கச் செல்லும் நம் தாய்மார்கள் முந்தானையை வெளிச்சத்தில் விரித்து, நூலைக் கசக்கிப் பார்த்த பிறகே விலை கேட்கிறார்கள். ஆனால் வாழ்க்கையில் முதன்முறையாகப் பெருந்தொகை ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு மடிக்கணினி வாங்கச் செல்லும் மாணவராகிய நாம் எதைப் பார்க்கிறோம்? பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் வண்ணச் சீட்டைப் பார்க்கிறோம். கடைக்காரரின் நாவன்மையைக் கேட்கிறோம். நண்பன் என்ன வைத்திருக்கிறான் என்று நினைத்துப் பார்க்கிறோம். அவ்வளவுதான்!

நம் கல்லூரியில் பயில்வோர் பலர் தத்தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். ‘எதை வாங்கலாம்?’ என்று வீட்டில் கேட்டால் விடை சொல்ல ஆள் இல்லை. பணம் மட்டுமே எப்பாடுபட்டாவது வந்து சேர்கிறது. என் வீட்டில் அந்தப் பணம், என் அம்மா தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்து இரண்டு ஆண்டுகள் கட்டிய சீட்டுப் பணம். என் தங்கையோ அடுத்த ஆண்டு கல்லூரியில் சேர வேண்டியவள். ஆகவே ஒரு ரூபாயும் வீணாகக் கூடாது என்ற எண்ணத்துடன் மூன்று மாத காலம் கேட்டும், படித்தும், கடை கடையாய் ஏறி இறங்கியும் நான் அறிந்துகொண்டவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன். மடிக்கணினியின் விலை மாதந்தோறும் மாறுவதாகலின் விலைப்பட்டியல் எதையும் நான் தரப்போவதில்லை. விலை மாறினாலும் மாறாத அளவுகோல்களையே காண்போம்.

மடிக்கணினி பிறந்த கதை

மடிக்கணினி என்ற எண்ணமே மாணவர்க்காகத் தோன்றியது என்றால் வியப்பாக இருக்கும். அமெரிக்க அறிஞர் ஆலன் கே, ‘டைனபுக்’ என்ற பெயரில் சிறுவர்கள் புத்தகம் போல் தூக்கிச் செல்லக்கூடிய கணினி ஒன்றைக் கற்பனை செய்து 1972-இல் கட்டுரை எழுதினார். அன்றைய தொழில்நுட்பத்தால் அதைச் செய்து காட்ட முடியவில்லை.

1981-இல் ‘ஆஸ்பார்ன் 1’ என்ற கணினி விற்பனைக்கு வந்தது. கையில் தூக்கிச் செல்லக்கூடிய கணினிகளுள் வணிகத்தில் முதன்முதல் வெற்றி கண்டது இதுவே. இதை உருவாக்கிய நிறுவனத்தின் தலைவரான ஆதம் ஆஸ்பார்ன் நம் தமிழ் மண்ணில் வளர்ந்தவர்! அவர் தந்தை ஆர்தர் ஆஸ்பார்ன், ரமண மகரிஷியின் அடியவர். 1939-இல் தாய்லாந்தில் பிறந்த ஆதம், திருவண்ணாமலையில் இளமைப் பருவத்தைக் கழித்துத் தமிழ் பேசி வளர்ந்தவர். பின்னாளில் நோயுற்று இந்தியாவுக்கே திரும்பி, 2003-இல் கொடைக்கானலில் காலமானார்.

அவருடைய கணினியின் எடை ஏறத்தாழ 11 கிலோ. அரை மூட்டை அரிசி என்று வைத்துக்கொள்ளுங்கள்! திரை 5 அங்குலம். நினைவகம் 64 கிலோபைட். விலை 1,795 டாலர். இன்று நாம் வாங்கும் எளிய மடிக்கணினியின் 8 ஜி.பி. நினைவகம் அதைப்போல் 1,31,072 மடங்கு. இன்றுள்ளது போல் மடித்து மூடும் வடிவம் 1982-இல் வந்த ‘கிரிட் காம்பஸ்’ கணினியோடு தொடங்கியது. அதன் விலை 8,150 டாலர். சாதாரண மனிதர் தொட முடியாத விலை.

அன்று அமெரிக்காவில் பிறந்த பொருள் இன்று நம் ஊர்ப் பக்கத்திலேயே உருவாகிறது. பல்லாவரத்தில் ரயிலேறினால் குரோம்பேட்டைக்கு அடுத்து வருவது தாம்பரம் சானடோரியம். அங்கே 1984-இல் தொடங்கப்பட்ட ஏற்றுமதி மண்டலமாகிய மெப்ஸ் வளாகத்தில், சிர்மா எஸ்.ஜி.எஸ். நிறுவனத்தின் மடிக்கணினி இணைப்புப் பிரிவு 2025 ஜனவரியில் திறந்து வைக்கப்பட்டது. ஆண்டுக்கு ஒரு லட்சம் மடிக்கணினிகள் என்பது அதன் தொடக்கத் திட்டம். நாம் அன்றாடம் கடந்து செல்லும் ரயில் நிலையத்துக்கு அருகில் மடிக்கணினி பிறக்கிறது. அதைத் தேர்ந்தெடுக்கும் அறிவு நமக்கு இல்லாதிருத்தல் தகுமா?

முதற்கேள்வி: எதற்காக?

‘எந்தக் கணினி நல்லது?’ என்று கேட்பது, ‘எந்த வண்டி நல்லது?’ என்று கேட்பதைப் போன்றது. மூட்டை ஏற்றவா, பள்ளிக்குப் பிள்ளையை விடவா என்பதைச் சொன்னால்தான் விடை கூற முடியும். ஆகவே கடைக்குப் போகுமுன் ஒரு வெள்ளைத்தாளில், அடுத்த மூன்று ஆண்டுகளில் என்னென்ன செய்யப் போகிறோம் என்று எழுதிப் பாருங்கள்.

தமிழ், ஆங்கிலம், வரலாறு பயில்வோர்க்கு வேண்டியவை தட்டச்சும் வாசிப்பும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் உள்ள நூல்களைப் படிக்கவும், ஆய்வேடு தட்டச்சு செய்யவும் எந்தப் புதிய மடிக்கணினியும் போதும். இவர்கள் திரைக்கும் விசைப்பலகைக்கும் முதலிடம் தர வேண்டும்.

வணிகவியல் மாணவர்க்கு டாலி இன்றியமையாதது. அது விண்டோஸில் இயங்குவது. ஆகவே விண்டோஸ் இல்லாத மலிவுக் கணினியை வாங்கினால் இவர்கள் பாடு திண்டாட்டமே. டாலி பிரைம் மென்பொருளைக் கல்விப் பயன்முறையில் கட்டணமின்றி இயக்கிப் பழகலாம்; சில தேதிகளில் மட்டுமே பதிவு செய்ய முடியும் என்ற கட்டுப்பாடு உண்டு; பழகுவதற்கு அது தடையன்று.

பொருளியல், புள்ளியியல், கணிதம் பயில்வோர்க்கு ‘ஆர்’, ‘கிரெட்டல்’ போன்ற இலவச மென்பொருள்கள் உண்டு. புவியியலார்க்கு வரைபடம் வரைய ‘கியூ.ஜி.ஐ.எஸ்.’ உண்டு. கணினி அறிவியல் மாணவர் பைத்தான், ஜாவா எழுதுவார்கள். இவர்கள் நினைவகத்தில் கஞ்சத்தனம் காட்டலாகாது. காட்சித் தொடர்பியல் பயின்று ஒளிப்படத் தொகுப்பு செய்வோர்க்கு மட்டுமே தனி வரைகலை அட்டை உள்ள விலை மிகுந்த கணினி உண்மையான தேவை.

நான் ஏறி இறங்கிய கடைகளுள் ஒன்றில் விற்பனையாளர், “தம்பி, இதுல கேம் எல்லாம் சூப்பரா ஓடும். காலேஜ் பசங்க இதைத்தான் எடுக்கிறாங்க” என்று பளபளக்கும் ஒன்றைக் காட்டினார். “அண்ணே, எனக்குக் கணக்கு அட்டவணையும் டைப்பும்தான் ஓடணும்” என்றேன். அவர் சிரித்துவிட்டு, அடுக்கின் கீழ்த்தட்டிலிருந்து வேறொன்றை எடுத்து வைத்தார். விலை ஏறக்குறையப் பாதி! தேவையை நாம் சொல்லாவிட்டால் பிறர் சொல்லிவிடுவார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

உறுப்புகளை அறிவோம்

செயலி: கணினியின் மூளை எனலாம். ஐ-3, ஐ-5, ஐ-7 என்றும், ரைசன் 3, 5, 7 என்றும் பெயர்கள் இருக்கும். எண் பெரிதானால் கணினி விரைவானது என்று பலர் எண்ணுகின்றனர். அது ஒரே காலத்தில் வந்தவற்றுக்கு மட்டுமே பொருந்தும். 2013-இல் வந்த மடிக்கணினி ஐ-7 செயலிகள் பலவற்றில் இரண்டே கருக்கள் இருந்தன; 2022-இல் வந்த பன்னிரண்டாம் தலைமுறை ஐ-3 செயலியில் ஆறு கருக்கள். எனவே பெயரோடு தலைமுறையையும் கேட்க வேண்டும். நம் படிப்புகளுள் பெரும்பாலானவற்றுக்கு அண்மைக்கால ஐ-3 அல்லது ரைசன் 3 போதுமானது.

நினைவகம்: ‘ராம்’ என்று கடையில் சொல்வது இதைத்தான். சேமிப்பகம் பீரோ என்றால் நினைவகம் மேசை. மேசை அகலமாக இருந்தால் நான்கு புத்தகங்களை விரித்து வைத்துக்கொண்டு படிக்கலாம். குறுகலாக இருந்தால் ஒன்றை மூடி மற்றொன்றைத் திறக்க வேண்டும். விண்டோஸ் 11-க்குக் குறைந்த அளவு 4 ஜி.பி. என்று மைக்ரோசாப்ட் சொல்கிறது. அது உயிர் தரிக்கப் போதும், உழைக்கப் போதாது. 8 ஜி.பி. இருத்தல் நலம், கணினி அறிவியல் மாணவர்க்கு 16 இருந்தால் சிறப்பு. பின்னாளில் கூடுதல் நினைவகம் செருக இடம் உள்ளதா என்பதையும் கேளுங்கள். சிலவற்றில் நினைவகத்தைப் பலகையோடு பற்றவைத்து விடுகிறார்கள். அவற்றில் பிறகு எதுவும் செய்ய இயலாது.

சேமிப்பகம்: பழைய ஹார்ட் டிஸ்க்கினுள் தட்டு ஒன்று நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுழல்கிறது. எஸ்.எஸ்.டி.யில் சுழல்வது எதுவும் இல்லை. ஆகவே அது விரைவானது, அதிர்ச்சியையும் தாங்குவது. பல்லாவரத்துக்குப் பங்கு ஆட்டோவில் குலுங்கிச் சென்று, அங்கே ரயில் நெரிசலில் நசுங்கும் பைக்கு எஸ்.எஸ்.டி.யே பொருத்தம். 256 ஜி.பி. போதும். வாங்கி வந்து திறந்தால் கணினி 238 என்று காட்டும். யாரும் ஏமாற்றிவிட்டதாக எண்ண வேண்டாம். உற்பத்தியாளர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கிக் கணக்கிடுகிறார். விண்டோஸ் 1,024 என்ற எண்ணால் கணக்கிடுகிறது. வேறுபாடு அதனால் வருவதே.

திரை: 14 அங்குலம், 15.6 அங்குலம் என இரு அளவுகள் பெருவழக்கு. அளவைவிட முக்கியமானது புள்ளிகளின் எண்ணிக்கை. 1366-க்கு 768 என்ற திரையில் ஏறத்தாழ 10.5 லட்சம் புள்ளிகள். 1920-க்கு 1080 என்ற திரையில் 20.7 லட்சம். இரண்டாவதில் தமிழ் எழுத்தின் சுழிகளும் கொம்புகளும் தெளிவாகத் தெரியும். ‘ன’வா ‘ண’வா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியிராது. கண்ணாடி போல் பளபளக்கும் திரையைவிட மங்கல் பூச்சுள்ள திரையே ஜன்னலோரம் அமர்ந்து படிப்பவர்க்கு ஏற்றது.

மின்கலம்: ‘பத்து மணி நேரம் நிற்கும்’ என்ற விளம்பரத்தை அப்படியே நம்ப வேண்டாம். மின்கலத்தின் கொள்ளளவு ‘வாட்-மணி’ என்ற அலகில் குறிக்கப்பட்டிருக்கும். கணினி செலவிடும் வாட்டால் அதை வகுத்தால் நேரம் கிடைக்கும். 42 வாட்-மணி உள்ள கணினி 7 வாட் செலவிட்டால் 6 மணி நேரம். காணொளி ஓட்டி 14 வாட் செலவிட்டால் 3 மணி நேரமே. வகுப்பறையில் எல்லாருக்கும் மின்செருகி கிடைப்பதில்லை என்பதை நாம் அறிவோம். ஆகவே இந்தக் கணக்கைக் கடையிலேயே போட்டுவிடுவது நல்லது.

எடையும் ஓசையும்: நாள்தோறும் தோளில் சுமப்பவர்க்கு 1.5 கிலோவுக்கும் 2.3 கிலோவுக்கும் உள்ள வேறுபாடு மாடிப்படி ஏறும்போது தெரியும். மற்றொன்றும் சொல்ல வேண்டும். பொழிச்சலூரில் எங்கள் தலைக்கு மேலேயே விமானங்கள் ஏறி இறங்குகின்றன. இணைய வகுப்பில் ஆசிரியர் முக்கியமான இடத்துக்கு வரும்போதுதான் ஒரு விமானமும் வரும்! ஆகவே எங்கள் ஊரார்க்குக் கணினியின் ஒலிபெருக்கி எவ்வளவு சிறந்தது என்பதைவிடக் காதொலிக் கருவி செருகும் துளை உள்ளதா என்பதே முதற்கேள்வி.

மென்பொருளும் தமிழும்

கணினி வாங்கும்போது விண்டோஸ் உரிமத்தோடு வருகிறதா என்று கேளுங்கள். உரிமமற்ற படியை ஏற்றித் தருவதாகச் சொன்னால் மறுத்துவிடுங்கள். நச்சு நிரல்கள் நுழைய அதுவே வாசல். விண்டோஸ் வேண்டாதவர்க்கு லினக்ஸ் இருக்கிறது. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸ் நம் நாட்டுப் படைப்பு. இந்திய மொழிகளுக்கு இடம் தருவது. கட்டுரை எழுதவும் அட்டவணை போடவும் லிப்ரே ஆபிஸ் இலவசமாகக் கிடைக்கிறது.

தமிழில் தட்டச்சு செய்ய விரும்புவோர் ‘தமிழ் 99’ விசைப்பலகையைப் பழகுவது நலம். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட முறை இது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் வலக்கைப் பக்கம். ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என்ற நான்கே தட்டல்கள். புள்ளி தானே விழுந்துவிடும். விண்டோஸ் 11-இல் இம்முறை உள்ளடங்கியே வருகிறது. எழுதுவதை ஒருங்குறியில் எழுதுங்கள். தமிழக அரசு 2010-இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்றுக்கொண்டது. பழைய எழுத்துருக்களில் அடித்த கட்டுரை வேறொரு கணினியில் திறக்கும்போது புரியாத குறிகளாகக் காட்சியளிப்பதை இம்மலருக்குக் கட்டுரை தொகுப்போர் நன்கு அறிவர்!

புதியதா, பழையதா?

பல்லாவரம் வெள்ளிச் சந்தையில் செடி, கோழி, நாற்காலி முதல் பழைய விசைப்பலகை வரை எல்லாம் கிடைக்கும். வேடிக்கை பார்க்க அதைப்போல் இடமில்லை. ஆனால் ரசீதும் பொறுப்புறுதியும் இல்லாமல் எங்கும் மடிக்கணினி வாங்கலாகாது. அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் புதியவையும் புதுப்பிக்கப்பட்டவையும் விற்கும் கடைகள் வரிசையாக உள்ளன. அலுவலகங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திக் கழிக்கும் கணினிகளே பெரும்பாலும் ‘புதுப்பிக்கப்பட்டவை’ என்ற பெயரில் வருகின்றன. உறுதியான உடலமைப்பு உடையவை அவை, விலையும் குறைவு. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக் கூடாது.

முதற்சோதனை செயலியின் தலைமுறை. விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு பொதுவாக முடிவுக்கு வந்தது. விண்டோஸ் 11-ஐ முறைப்படி ஏற்கும் இன்டெல் செயலிகள் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையுமே. செயலியின் பெயரில் ஐ-5 என்பதற்குப் பின் வரும் எண்ணைப் பாருங்கள். 8 அல்லது 9 என்று தொடங்கினால் எடுக்கலாம்; 10, 11, 12 என்று தொடங்கினால் இன்னும் நன்று; 6 அல்லது 7 என்று தொடங்கினால், விலை எவ்வளவு மலிவானாலும் விண்டோஸ் வேண்டுவோர் தள்ளிவிடுக. இந்த ஒரே காரணத்தால் சந்தையில் பழைய கணினிகள் மலிவாகக் குவிகின்றன என்பதை மறவாதீர்கள்.

இரண்டாம் சோதனை மின்கலம். பிறக்கும்போது இருந்த கொள்ளளவு, இன்றுள்ள கொள்ளளவு இரண்டையும் காட்டும் அறிக்கையை விண்டோஸே தயாரித்துத் தரும். கடைக்காரரிடம் அதை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பாதிக்கும் கீழே இறங்கியிருந்தால் புதிய மின்கலத்தின் விலையையும் சேர்த்தே கணக்கிடுங்கள்.

பிறகு பின்வருவனவற்றை அங்கேயே நின்று பார்த்துவிடுங்கள்:

1. எல்லா விசைகளையும் ஒரு முறை தட்டிப் பாருங்கள்.
2. திரையை முழு வெள்ளையாகவும் முழுக் கறுப்பாகவும் வைத்துப் புள்ளியோ கோடோ உள்ளதா என்று நோக்குங்கள்.
3. மூடியைப் பத்து முறை திறந்து மூடுங்கள். கீல் கரகரத்தால் வேண்டாம்.
4. கேமரா, ஒலிவாங்கி, வைஃபை மூன்றையும் இயக்கிப் பாருங்கள்.
5. மின்னூட்டியைச் செருகி, எண்ணிக்கை ஏறுகிறதா என்று பாருங்கள். அடியில் 100 முதல் 240 வோல்ட் என்று அச்சிட்டிருக்க வேண்டும்.
6. கால்மணி நேரம் காணொளி ஓட்டி, அடிப்பகுதி கை வைக்க முடியாதபடி சுடுகிறதா என்று தொட்டுப் பாருங்கள்.
7. கணினியின் வரிசை எண்ணைக் குறிப்பிட்ட ஜி.எஸ்.டி. ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

இவற்றைப் பார்க்க அரை மணி நேரம் ஆகும். ‘நேரமாகிறது’ என்று முகம் சுளிக்கும் கடையில் வாங்காமல் இருப்பதே மேல்.

இனி, பொருளியல் மாணவன் என்ற முறையில் ஒரு கணக்கு. புதிய கணினி 36,000 ரூபாய் என்றும் நான்கு ஆண்டுகள் உழைக்கும் என்றும் வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 750 ரூபாய் ஆகிறது. பழையது 18,000 ரூபாய். ஒன்றரை ஆண்டில் ஓய்ந்துவிட்டால் மாதத்துக்கு 1,000 ரூபாய். மூன்று ஆண்டுகள் உழைத்தால் 500 ரூபாய். ஆக, பழையது மலிவா அன்றா என்பதை விலைச்சீட்டு முடிவு செய்வதில்லை. அது எத்தனை மாதம் உழைக்கும் என்பதே முடிவு செய்கிறது. மேலே சொன்ன சோதனைகள் எல்லாம் அந்த மாதங்களை மதிப்பிடும் வழிகளே. இக்கணக்கின்படியே நான் பத்தாம் தலைமுறைச் செயலியும் 8 ஜி.பி. நினைவகமும் உள்ள புதுப்பிக்கப்பட்ட கணினி ஒன்றை, ஆறு மாதப் பொறுப்புறுதியோடு வாங்கினேன். சீட்டுப் பணத்தில் மீந்தது தங்கையின் சேர்க்கைக் கட்டணத்துக்கென்று அஞ்சலகத்தில் இருக்கிறது. கையில் கூடுதல் பணமும், பழுதானால் ஓடியாட நேரமின்மையும் உள்ளவர்க்குப் புதியதே நிம்மதி தரும் என்பதையும் மறுப்பதற்கில்லை.

வாங்குவதா, காத்திருப்பதா?

தமிழக அரசு 2011 செப்டம்பர் 15-ஆம் நாள் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. எல்காட் நிறுவனத்தின் வழியே கொள்முதல் செய்யப்பட்டுப் பல லட்சம் மாணவர் கைகளுக்கு அவை சென்றன. சில ஆண்டுகள் தடைப்பட்டிருந்த இம்முயற்சி மீண்டும் உயிர்பெற்றது. இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்க்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ வழங்கப்படும் என்று 2025 மார்ச்சு 14-ஆம் நாள் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. 2026 ஜனவரியில் வழங்கும் பணியும் தொடங்கியது. ஆகவே வட்டிக்குக் கடன் வாங்கி மடிக்கணினி வாங்க எண்ணுவோர், முதலில் கல்லூரி அலுவலகத்தை அணுகி, தம் வகுப்புக்கு எப்போது கிடைக்கும் என்று கேட்டறிதல் வேண்டும். நம் பெற்றோர் கழுத்திலிருந்து ஒரு சங்கிலி இறங்காமல் இருக்க அந்த ஒரு கேள்வி போதும்.

அப்படியானால் எல்லாரும் காத்திருக்கலாமா? பொருளியலில் வாய்ப்புச் செலவு என்று ஒன்று உண்டு. ஒன்றைச் செய்யாமல் இருப்பதற்கும் ஒரு விலை இருக்கிறது. முதலாண்டு மாணவர் கல்லூரி ஆய்வகத்தையும் நூலகத்தையும் பயன்படுத்திக்கொண்டு சில மாதம் பொறுக்கலாம். ஆய்வேடு எழுத வேண்டிய இறுதியாண்டு மாணவர் பொறுத்தால் பருவமே போய்விடும். எங்கள் தெரு வீடுகளின் குடிநீர்ச் செலவு பற்றிய வினாத்தாள்களை நான் முதலில் கைப்பேசியில்தான் பதிவு செய்யத் தொடங்கினேன். பதினைந்து கட்டங்கள் உள்ள அட்டவணையை உள்ளங்கை அளவுத் திரையில் நகர்த்தி நகர்த்தி நிரப்பியதில் ஒரு மாலைக்கு ஐந்து வினாத்தாள்களே முடிந்தன. மடிக்கணினியில் அதே வேலை ஒரே வாரத்தில் முடிந்தது. கைப்பேசி படிக்க உதவும். படைக்க உதவாது என்பது என் துணிபு.

‘அடுத்த மாடல் வரட்டும், வாங்கலாம்’ என்று காத்திருப்பதோ வேறு வகை. இதிலும் ஆதம் ஆஸ்பார்னின் கதை நமக்குப் பாடம். அடுத்து வரப்போகும் மேலான கணினியைப் பற்றி அவர் முன்கூட்டியே பேசிவிட்டதால், வாங்க வந்தவர்கள் எல்லாம் ‘அதுவே வரட்டும்’ என்று நின்றுவிட்டனர். கையிருப்பு விற்காமல் 1983-இல் நிறுவனம் நொடித்தது என்பர். வேறு காரணங்களும் உண்டு என்று சிலர் வாதிடுவர். எனினும் இவ்வாறு வாடிக்கையாளர் காத்திருந்து விற்பனை நிற்பதற்கு ‘ஆஸ்பார்ன் விளைவு’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. விற்பவரைக் கவிழ்த்த அந்தக் காத்திருப்பு வாங்குபவருக்கும் நன்மை தருவதில்லை. அலை ஓய்ந்த பின் குளிக்க நினைப்பவன் கரையிலேயே நிற்க வேண்டியதுதான். அடுத்த மாடல் எப்போதும் வரும். அடுத்த பருவத் தேர்வோ அதற்காக நிற்காது.

பேணிக் காத்தல்

மின்கலத்துக்குப் பகைவன் வெப்பம். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியிலோ, நிறுத்திய வண்டியின் பெட்டியிலோ கணினியை வைக்கலாகாது. மெத்தை மேல் வைத்து இயக்கினால் அடியிலுள்ள காற்றுத் துளைகள் அடைபடும். ஒரு பலகையோ, கெட்டியான பேரேடோ அடியில் இருக்கட்டும். இடி மின்னலின்போது மின்னூட்டியைக் கழற்றிவிடுங்கள்.

எங்கள் ஊர்க்காரன் சொல்ல வேண்டிய இன்னொன்றும் உண்டு. 2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்தபோது விமான நிலையமே சில நாட்கள் மூடிக் கிடந்தது. ஆற்றங்கரைப் பகுதிகளில் தாழ்வான வீடுகளில் நீர் புகுந்து, சான்றிதழும் புத்தகமும் நனைந்து கூழாயின. கணினி போனால் பணம் சேர்த்து வாங்கலாம். அதனுள் இருந்த ஆய்வேடு போனால் எங்கே வாங்குவது? ஆகவே எந்தக் கோப்பையும் மூன்று இடங்களில் வையுங்கள்: கணினியில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, இணையத்தில் ஒன்று. கூகுள் கணக்கு ஒவ்வொன்றுக்கும் 15 ஜி.பி. இடம் கட்டணமின்றிக் கிடைக்கிறது. வாரம் ஒரு முறை, ஞாயிறு மாலை, இதைச் செய்வது என்று பழக்கப்படுத்திக்கொண்டால் மழைக்காலத்தில் நிம்மதியாக உறங்கலாம்.

நிறைவுரை

சுருங்கச் சொல்லின்: தேவையை எழுது, தலைமுறையைக் கேள், நினைவகம் எட்டுக்குக் குறையாதே, சேமிப்பகம் எஸ்.எஸ்.டி.யாகக் கொள், திரையைக் கண்ணால் பார், மின்கலத்தைக் கணக்கிடு, ரசீதை விடாதே. இவ்வளவே மடிக்கணினிச் சாத்திரம்.

ஆனால் எவ்வளவு எண்ணிப் பார்த்தாலும் வாங்க இயலாத தோழர்களும் நம்மிடையே உள்ளனர். அவர்கள் பொருட்டு இரு விண்ணப்பங்களை இம்மலரின் வாயிலாக முன்வைக்க விரும்புகிறேன். முதலாவது, ஆசிரியப் பெருமக்களுக்கு: ஆய்வேட்டுப் பருவத்தில் மட்டுமாவது கணினி ஆய்வகம் மாலையில் கூடுதலாக ஒரு மணி நேரம் எல்லாத் துறை மாணவர்க்கும் திறந்திருக்குமானால், மடிக்கணினி இல்லாத மாணவரும் தம் உழைப்பைத் தம் கையாலேயே அச்சேற்றும் நிலை வரும். ‘நான் முதல்வன்’ பயிற்சிகளையும், சென்னை ஐ.ஐ.டி. ஒருங்கிணைக்கும் என்.பி.டி.இ.எல். பாடங்களையும் அவர்கள் தவறவிட வேண்டியிராது. இரண்டாவது, என் சக மாணவர்க்கு: முதலாண்டு மாணவர் ஒருவர் கணினி வாங்கச் செல்லும்போது, அறிந்த அண்ணனோ அக்காவோ ஒருவர் உடன் செல்லுங்கள். மேலே சொன்ன ஏழு சோதனைகளையும் அருகில் நின்று செய்து காட்டுங்கள். ஒரு சனிக்கிழமை பிற்பகலைச் செலவிட்டு ஒரு குடும்பத்தின் இரண்டாண்டுச் சேமிப்பைக் காப்பாற்ற முடியுமென்றால் அதைவிடப் பெரிய கல்லூரித் தொண்டு வேறு எது?